மதியம் வரைக்கும் துக்கம்

கணபதியில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு ஆள் கூட்டிவர ஒரு பழைய வேன் இருந்தது. காரமடையில் கிளம்பி வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு வரும். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற மேசையில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா காரமடையிலேயே ஏறிவிடுவார். நான் துடியலூரில் ஏறுவேன்.

வேனில் பிரேக் சரியில்லை. டிரைவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். கடைசியில் அக்காவே என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார்.

"ஏனுங்க சார், வண்டில பிரேக்கே புடிக்கறதில்லீங்க. பயந்து பயந்து வாரோமுங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"இந்த ஆர்டர் முடியட்டும்மா, பாத்துக்கலாம்."

ஆர்டர் முடிந்தது. அடுத்தது வந்தது. வேன் அப்படியேதான் ஓடியது.

அன்று காலை துடியலூரில் நெடுநேரம் நின்றேன். வேன் வரவில்லை, போன் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டார்.

மறுநாள் அடக்கம். லீவு கேட்டோம். எல்லோரும் போனால் லைன் நின்றுவிடும், ஆபீசிலிருந்து சிலர் மாலையோடு போவார்கள், நீங்கள் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பாருங்கள் என்றார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று கருப்பு ரிப்பன் துண்டும் ஊக்கும் கொடுத்தார். வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு மெஷின் ஓடியது. அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது, அதில் யாரோ காயில் கட்டுகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். அவற்றைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"பேட்ஜெல்லாம் கழட்டிப் போடுங்க. வெளியூர் கஸ்டமர் வாராங்க. என்ன ஏதுன்னு கேப்பாங்க."

எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். பெட்டி என்னிடம் வந்தது.

"நான் கழட்டலீங்க."

"ஏம்மா, பிரச்சன பண்ணாதீங்க. எனக்குச் சொன்னதை நான் செய்யறேன்."

"கேட்டா கேக்கட்டுமுங்க. பிரேக் இல்லாத வண்டில வந்து அக்கா செத்துப்போச்சுன்னு நான் சொல்றேன்."

அவர் முகம் வெளுத்தது. கஸ்டமர் வந்து போகும்வரை என்னை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது.

வேலை விட்டதும் பேட்ஜோடு பஸ் ஏறிக் காரமடைக்குப் போனேன். அடக்கம் முடிந்து பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் என் தோளைப் பார்த்தார்.

"உங்க ஆபீஸ்காரங்களும் இதைத்தானுங்க குத்தீட்டு வந்தாங்க. மாலை போட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க" என்றார். ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, "பிரேக் பத்தி மேனேஜர்கிட்டச் சொன்னோம்னு அவ என்கிட்டச் சொல்லியிருக்கா. போலீசுல அதை நீ வந்து சொல்லுவியா அம்மணி?" என்று கேட்டார்.

"வாரேனுங்ண்ணா."

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, "பயந்து பயந்து வாரோம்" என்று அக்கா சொன்னது விடுபட்டிருந்ததைச் சேர்க்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரமே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மேனேஜர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். எதிரில் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போகிறார். கேஸ் நடக்கிறது. வக்கீல் கூப்பிடும்போதெல்லாம் சம்பளம் போனாலும் போகிறேன்.

இப்போது புது வேன் வந்திருக்கிறது. முதல் நாள் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். ஒரு ஆள் செத்த பிறகு வந்த வண்டிக்கு லட்டு! நான் வாங்கவில்லை. வாங்கித் தின்றவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்; அவர்களுக்கும் வேறு வழியில்லை என்று தெரிந்தும் கோபம்தான்.