அழிக்க மறுத்த சிலேட்டுகள்

அறுபதுகளின் கடைசி. இண்டூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த புதிது. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கு முந்தின நாள், பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று, கழித்தல் கணக்குப் போட்ட எல்லார் சிலேட்டிலும் ‘நன்று’ என்று பெரிதாக எழுதித் தள்ளினேன். கை வலித்தது, மனசு துள்ளியது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒரு புதுக் கணக்குச் சொன்னார். ஒரு பிள்ளையும் எழுதவில்லை. துடைக்கக் கோவை இலை பறித்து வந்திருந்தார்கள். ஆனால் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

முன்வரிசை மாதம்மாவிடம் அவர் காரணம் கேட்டார்.

“அழிச்சா நன்று போயிருமுங்க சார். எங்கப்பா இன்னும் பாக்கலைங்க.”

எதற்காக அந்த நன்று என்று அடுத்துக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வகுப்பு முழுக்க, “தெரியலைங்க.”

எங்கிருந்து தைரியம் வந்ததோ, மாதம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “கடன் வாங்கினதும் பக்கத்து எண்ணுல மறக்காம ஒண்ணு கொறச்ச பாரு, அதுக்குத்தான் நன்று. சிலேட்ட அழிச்சாலும் அது உனக்குப் போவாது” என்றேன். கொஞ்சம் யோசித்தவள், இலையை எடுத்துத் துடைத்தாள்.

அடுத்தது முருகேசன். ஐயோ, அவன் விடையே தப்பு! எங்கே தப்பு என்று காட்டினேன்.

“நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க டீச்சர்” என்றான்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல எல்லா சிலேட்டும் சுத்தமாகி, புதுக் கணக்கு விறுவிறுவென்று ஏறியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிளம்பும்போது அவர் என் வகுப்பைப் பற்றி எழுதியது ஒரே வார்த்தை: ‘திருப்தி’. வேலை தப்பியது. அந்தக் குஷியில் வாய் சும்மா இருக்கவில்லை.

“எதுங்க சார் திருப்தி?”

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“பிள்ளைங்க எழுதலன்னதும் நீங்க பிரம்ப எடுக்கலைங்கம்மா. பக்கத்துல போயி உக்காந்தீங்க. அதுதான். ஆனா போர்டுல நீங்க எழுதறது கடைசி வரிசைக்குத் தெரியல.”

மறுநாளே பெரிதாக எழுத ஆரம்பித்தேன். ‘திருப்தி’யோடு வீட்டுக்குப் போயிருந்தால், கடைசி வரிசை இன்னும் பல வருஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும்.