வாசலில் நடந்த ஒத்திகை

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் சபையின் பெண்கள் பண்டிகைக்கு ஒரு நாடகம் போட்டோம். குவைத்தில் வார விடுமுறை வெள்ளி என்பதால் ஞாயிறு பள்ளியே வெள்ளிக்கிழமைதான் நடக்கும். அதை நடத்தியது என் சித்தி. கிளினிக்கில் நர்ஸ், அப்பாசியா ஏரியாவில் எங்கள் பிளாட்டிலேயே இருந்தாள்.

தாவீது கோலியாத்து போடலாம் என்று எல்லோரும் சொல்ல, சித்தி எங்களுக்குத் தெரியாத கதையைக் கொண்டுவந்தாள். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் நடந்தபோது யூத ஜனங்களை மதிலுக்குள் அடைத்துக் கொன்றார்களே, அப்போது யூத இளம்பெண்கள் சிலர் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, கிராமத்துப் பெண்களைப்போல வெளியே போய்வந்தார்களாம். மதிலுக்குள் வரும்போது அவர்கள் கொண்டுவரும் ரொட்டிக்குள் துப்பாக்கிக் குண்டு இருக்குமாம். மறுபடி வெளியே போகும்போது பிள்ளைகளைக் கைபிடித்துத் தப்பவைப்பார்களாம். பட்டாளத்துக்காரன் முறைத்தால், அவனிடமே "இந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கித் தாங்க ஐயா" என்று கேட்பார்களாம். சுமக்கிற கை சோதனை போடாது என்பாள் சித்தி.

அந்தப் பெண் வேஷம் எனக்கு! சித்தியின் குளிர் கோட்டும் ஸ்கார்ஃபும் உடுப்பு. கோட்டு தரையைப் பெருக்கியது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. தம்பிக்கு மையால் மீசை வரைந்து பட்டாளத்துக்காரன் ஆக்கினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வேஷம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். இலங்கை மட்டக்களப்புக்காரி, பக்கத்து ஏரியாவில் வீட்டு வேலை. கையில் அந்த வீட்டார் வைத்த இஸ்திரிப் பெட்டிச் சூடு. முந்தின காயத்துக்குக் கிளினிக்கில் மருந்து கட்டியபோது, சித்திதான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லியிருந்தாள்.

"என்னைத் திருப்பி மட்டும் அனுப்பிப்போடாதீங்க அக்கா. இந்த முறை உயிரோட விடமாட்டாங்க."

அவர்கள் நாட்டுத் தூதரகத்து விடுதிக்குள் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அவள் தண்ணீர் குடித்து முடிக்குமுன்பே, குப்பூஸ் ரொட்டி வாங்கப் போன அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"கீழ வாசல்ல ஒரு டிரைவர் இந்தப் பிள்ளை போட்டோவைப் போன்ல காட்டி விசாரிச்சுட்டு நிக்கான். பிடிச்சா நம்ம எல்லாரையும் ஊருக்கு ஏத்தி விட்டிருவாங்க, தெரியும்லா?"

"தெரியும் அத்தான். மேடையில பிள்ளைகளைத் தப்பவைக்கச் சொல்லிக் குடுத்துட்டு, வீட்டுல தாழ்ப்பாள் போடவா?" என்றாள் சித்தி.

அப்பா கார் சாவியை எடுத்தார்.

சித்தி என் மேலிருந்த கோட்டையும் ஸ்கார்ஃபையும் கழற்றி அக்காவுக்குப் போட்டு, ஸ்கார்ஃபை நெற்றிவரை இழுத்துவிட்டாள். "மக்களே, இன்னைக்கு ஒத்திகை தெருவுல. இந்த அக்காதான் நீ. நீ அவ கூட்டிட்டுப் போற பிள்ளை."

ஒரு வசனம்கூடத் தெரியாதவளுக்கு என் வேஷமா? கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தெருவில் ஒத்திகை என்றதும் குதித்துக்கொண்டு இறங்கினேன். மீசையோடு தம்பியும் பின்னாலேயே வந்தான்.

வாசலில் அந்த டிரைவர் போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். சித்தி ஊருக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"பாய், ஜரா உடாவோ. சர்ச் டிராமா. பஹுத் பாரி ஹை." கொஞ்சம் தூக்கித் தாங்க, ரொம்பக் கனம் என்று இந்தியில் கேட்டாள்.

அவன் தயங்கினான். தம்பியின் மீசையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினான். உள்ளே பால்பவுடரும் பேரீச்சம்பழமும் திணித்திருந்தது. அன்றைக்கு அதைக் கனமாக்கியவர் கர்த்தர்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அக்கா என் கையை நெரித்தாள். வாயைத் திறக்கிற வழியாகத் தெரியவில்லை. வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவளுக்காக நானே உரக்கச் சொன்னேன்:

"நாங்க சந்தைக்குப் போறோம் ஐயா!"

"அச்சா, அச்சா" என்றபடி அவன் பெட்டியை டிக்கியில் வைத்தான். கதவையும் சாத்திவிட்டான். வண்டி கிளம்பியது. நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

விடுதிக் கதவு திறந்ததும் அக்கா கோட்டோடு உள்ளே ஓடினாள்.

சித்தி என்னைவிட நன்றாக நடித்துவிட்டாள், அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை என்று வழியெல்லாம் பொறாமைப்பட்டேன். ஆனால் வீடு திரும்பியதும் அவள் மாடி ஏறவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால்கள் இரண்டும் தடதடவென்று அடித்துக்கொண்டன. கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்து வருகிற அன்றுதான் கால் வலி என்று அப்படி உட்காருவாள்.

"இன்னைக்கு உங்களுக்கு டியூட்டியே இல்லையே சித்தி?" என்று கேட்டேன்.