மேடையில் விழுந்த தொப்பி

ராப்பா நூயித் தீவின் தென்கரையில், முகம் குப்புற விழுந்து கிடக்கும் பழங்காலக் கற்சிலைகளுக்கு ஹெரெமெத்தா காவல். பார்க்க வருகிறவர்களில் யாருடைய கால் அந்தச் சிலைகள் நின்றிருந்த கல்மேடையில் பட்டாலும் அவள் கழுத்து விசில் அலறிவிடும். மேடைக்குள் முன்னோரின் எலும்புகள் இருக்கின்றன. மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அக்கா, நீ ஊதுற ஊதுல படுத்திருக்கிற சிலையெல்லாம் எழுந்து நிக்கப்போவுது" என்பான் உடன் காவலிருக்கும் பிரு.

"நிக்கட்டுமே. நீ நிக்கிறதைவிட நல்லாத்தான் நிக்கும்."

போன குளிர்காலத்தில் அவள் கணவன் தவாக்கே இறந்துபோனான். துணிமணிகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எரிமலை ஏரிக் கோரையில் அவன் தன் கையால் பின்னிய தொப்பியை மட்டும் அவள் விடவில்லை. காதுவரை இறங்கும்; இருந்தும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவாள். உள்விளிம்பில் அவன் வியர்வை வாசம் இன்னும் போகவில்லை.

ஒருநாள் மதியம் கடற்காற்று அந்தத் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய் மேடையின் நடுவில் போட்டது. கம்பு எட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்த சுற்றுலாக்காரப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றினாள்.

"நான் எடுத்துத் தரட்டுமா? வெறுங்காலோடதான் போறேன்."

ஹெரெமெத்தா விசிலை ஊதினாள். அந்தப் பெண் பின்வாங்கினாள்.

பிரு அருகில் வந்தான். "நீயே ஏறி எடுத்துடு, அக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"நீ திரும்பிக்குவே. உள்ள இருக்கிறவங்க?"

அவள் தொப்பியையே பார்த்தாள். கால் மட்டும் நகரவில்லை.

தீவில் குதிரைகளைக் கட்டிவைப்பவர் யாருமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு செம்பழுப்புக் குதிரை மேடையில் ஏறியது. இருவரும் கத்தினார்கள், விசில் காதைக் கிழித்தது. கல்லெறியவும் வழியில்லை, மேடையில் படும். குதிரை தொப்பியை முகர்ந்தது, பிறகு நிதானமாக மெல்லத் தொடங்கியது.

"ஐயோ அக்கா, தொடையில பாரு! உங்க வீட்டு முத்திரை!"

பார்த்தாள். தவாக்கேயின் குதிரைதான். விசில் வாயிலிருந்து நழுவியது. அழப்போகிறாள் என்று பிரு பயந்தான். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பின்னும்போதே பாதிக் கோரையை இதுக்குத்தான் ஊட்டுவாரு. மிச்சத்தை இப்பச் சாப்பிடுது."

குதிரை இறங்கி வந்தது. அதன் உதட்டில் ஒட்டியிருந்த ஒரு கோரைத் துணுக்கை எடுத்து ஹெரெமெத்தா முகர்ந்து பார்த்தாள். குதிரை எச்சில்தான் மணத்தது. அதன் கழுத்தில் முகம் புதைத்து நின்றாள்.

மேடையின் மறுகோடியில் செருப்புச் சத்தம் கேட்டது; யாரோ மேடையோரம் கால் வைத்தார்கள். குதிரையின் கழுத்தை விடாமலே விசிலைத் தேடி ஊதினாள்.