ஏலத்தில் பாடிய பாட்டு

எங்கள் ராக் குழுவில் நான்கு பேர். நான் டிரம்ஸ். மேனேஜர் பதவி கிடார்காரனுக்கு. நால்வரில் அவன் வீட்டில் மட்டும்தான் டெலிபோன் இருந்தது. வேறென்ன தகுதி வேண்டும்?

திருப்பதியில் ஒரு கேசட் கம்பெனி எங்கள் ஒரே ஆல்பத்தைப் பதிவு செய்தது. ஒப்பந்தம் தெலுங்கில், பதினோரு பக்கம்.

“படிச்சியாடா?” என்று கேட்டேன்.

“படிச்சிக்கினே இருந்தா எப்படா பாடறது? கையெழுத்து போடு,” என்றார் மேனேஜர்.

போட்டோம். சகல உரிமையும் கம்பெனிக்கே என்று அதில் இருந்தது, சி.டி. வந்து கேசட் விற்பனை படுத்து, கம்பெனி இழுத்து மூடப்பட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேசை, மின்விசிறிகளோடு எங்கள் டேப்பும் அதன் உரிமையும் ஏலத்துக்கு வந்தன. மேனேஜர் அதற்குள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார். மீட்கப் போனது மிச்சமிருந்த மூவர். அதில் பாடகன் சென்னைக்காரன், தெலுங்கு அரைகுறை.

தெலுங்கில் ஏலம் கேட்பதையும் ‘பாடுவது’ என்றுதான் சொல்வார்கள். ஏலக்காரர் எங்கள் டேப்பைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: “எவரைனா பாடதாரா?”

பாடகன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பல்லவியைத் தொடங்கிவிட்டான். நாங்கள் இருவரும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள், மூலையில் இருந்த பழைய சாமான் வியாபாரி ஒற்றை விரலை உயர்த்தினார். ஏலம் முடிந்தது.

ஏலக்காரர் பாடகனைப் பார்த்து அன்பாகத் தமிழில் சொன்னார்: “நல்லாத்தான் பாடினே நைனா. ஆனா பாட்டு அவருது.”