ஒன்பதாம் எண் போட்ட கல்

எண்பதுகளின் பிற்பகுதியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளையெல்லாம் மறித்திருந்த அந்த வாரத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் நடந்தது இது. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் வரலாற்று ஆசிரியர். விடுமுறை நாட்களில் சைக்கிளில் கல்வராயன் மலை அடிவாரம் வரை சுற்றி, நடுகற்களைத் தேடிக் குறிப்பெடுப்பேன். சண்டையில் இறந்துபோன வீரனுக்காக அந்தக் காலத்தில் நட்டு வைத்த கற்கள். அதுவரை பதினான்கு கண்டுபிடித்திருந்தேன்.

எதையும் எண்ணி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏறிய படிகளை எண்ணுவேன், பேருந்தில் நிற்பவர்களை எண்ணுவேன். கற்களில் ஒன்று காணாமல் போனால் எது போனது என்று எப்படித் தெரியும் என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் வெள்ளை பெயின்ட்டில் ஒரு சதுரம் அடித்து, அதன்மேல் கறுப்பில் எண் எழுதினேன். பெரிய வேலை செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

மறியலின் மூன்றாம் நாள் காலை, பால்காரர் வாசலில் நின்று சொன்னார்: "சார், நீங்க நம்பர் போட்ட கல்லு ஒண்ணு ரோட்டுக்கு நடுவுல கெடக்குது. மத்தியானம் சம்மட்டியோட கவுருமெண்டு ஆளுங்க வராங்களாம், எல்லாத்தையும் ஒடச்சி வழி பண்ண."

மனைவி போகக்கூடாது என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டியிருந்தது. பதினோராவது புளியமரத்தைத் தாண்டும்போதுதான் அதன் அடிமரத்தைக் கவனித்தேன். சாலையோர மரங்களுக்கு அரசாங்கத்தில் போடும் எண். வெள்ளைச் சதுரம், அதன்மேல் கறுப்பு எழுத்து. என் கற்களில் இருப்பதும் அதேதான். சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

இருபத்து மூன்றாவது மரத்தருகே பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் இடையில், இடைவெளியை அடைத்தாற்போல் என் கல் குப்புறக் கிடந்தது. ஒன்பது என்ற எண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது நடுகல்லுங்க. சாமி கல்லு. எடுத்துடுங்க" என்றேன்.

தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் எழுந்தார். "இன்னா சார் கத வுடுறீங்க? நம்பர் போட்டுக்கிது பாருங்க. கவுருமெண்டு கல்லு. தோப்போரமா இருந்துச்சு, ராத்திரி இருட்டுல பெரட்டிக்கினு வந்தோம்."

"நம்பர் போட்டது நான்."

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"எண்ணி வைக்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள எண்ணுங்க, எங்க பங்க குடுங்கன்னுதான் சார் ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். என் தம்பி பி.ஏ. முடிச்சுட்டு மாடு ஓட்டிக்கினு திரியுறான். நீங்க இன்னான்னா கல்ல எண்ணிக்கினு இருக்கீங்க."

பின்னாலிருந்து ஒருவன், "வழி தொறக்கச் சொல்லி அனுப்பிச்ச ஆளுடா இவரு" என்றான்.

அந்தச் சொல்தான் எனக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. "வழி திறக்க வேண்டாம். இந்த ஒரு கல் அடைக்கிற இடத்தை நான் வேறு கல் வைத்து அடைத்துவிடுகிறேன். அப்புறம் இதைப் புரட்டிப் பாருங்கள். வீரன் உருவம் இல்லையென்றால் நானும் உங்களோடு இங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன்" என்றேன்.

"தூக்குங்க பாப்போம்" என்றார் துண்டு கட்டியவர்.

பக்கத்து வாய்க்கால் கரையிலிருந்து தூக்கினேன். பத்துக் கல்லுக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபதில் உள்ளங்கை கிழிந்தது. நிறுத்தவில்லை. வெயில் ஏற ஏற, சம்மட்டிக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது கல்லை வைத்துவிட்டு அடுத்ததோடு நான் வந்தபோது துண்டு கட்டியவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போதும் வாத்யாரே, குந்துங்க. டேய், எட்டுப் பேரு வாங்கடா."

கடப்பாரை கொடுத்துப் புரட்டினார்கள். கையில் வில், காலடியில் ஒரு மாடு. மஞ்சளும் குங்குமமும் மண்ணோடு அப்பியிருந்தன. வில்லின் ஒரு முனை உடைந்திருந்தது.

வெட்டிய மரத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த ஒரு பெண்மணி அந்தச் சமயம் எட்டிப் பார்த்துவிட்டு, தழைக்கட்டைக் கீழே போட்டார். "அடப் பாவிங்களா! எங்க வேடியப்பன் சாமிய ரோட்டுல போட்டுட்டு இன்னாடா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"நாங்க பக்கத்து ஊரு அக்கா, தெரியாது. நம்பர் இருந்துச்சு, கவுருமெண்டுதுன்னு நெனச்சுட்டோம்."

"சாமி முதுவுல எவன்டா நம்பர் போட்டது?"

பத்தொன்பது விரலும் என் பக்கம் நீண்டன.

"படிச்ச ஆளு மாதிரி கீறியே" என்றார் அவர். "வருசா வருசம் பொங்க வெக்கிறோமே, எங்கள ஒரு வார்த்த கேட்டியா? உன் முதுவுல ஒருத்தன் வந்து நம்பர் எழுதினா சும்மா இருப்பியா?"

எந்த அதிகாரியிடமும் நான் அப்படிக் குனிந்து நின்றதில்லை. "தப்புதாம்மா" என்றேன்.

மூங்கிலும் வடக்கயிறும் கொண்டு எட்டுப் பேர் தூக்கினார்கள். தோப்புவரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. பழைய குழியிலேயே நிறுத்தி மண்ணை மிதித்தோம். திரும்பி நடக்கும்போதே லாரிச் சத்தம் கேட்டது. துண்டு கட்டியவர் தன் ஆட்களோடு சாலைக்கு ஓடினார். நான் அவரை அப்புறம் பார்க்கவே இல்லை. அன்று சம்மட்டியால் முதலில் உடைபட்டது நான் அடுக்கிய கற்கள்தான் என்று பால்காரர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள், மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாகப் போய்ப் பதினான்கு முதுகையும் தேய்த்தேன். ஒன்பதாம் கல்லைத் தேய்க்கையில் அந்தப் பெண்மணி பக்கத்தில் நின்று, "இன்னும் தெரியுது, தேய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு தேய்த்தும் அந்த எண் முழுதாகப் போகவில்லை. உடைந்த வில்லும் ஒட்டவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தேழு வயது. நோட்டில் அறுபத்து மூன்று கற்கள் ஏறியிருக்கின்றன. எண்ணுவதை நான் விடவில்லை. ஆனால் புதிதாக ஒரு கல்லைப் பார்த்தால், அருகிலிருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, இது யாருடைய சாமி என்று கேட்ட பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன்.