பசித்த கரி

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருசம் கரி சலித்தவர் ஆண்டிச்சாமி. வெடிமருந்தில் கலக்கிற கரித்தூளில் துளி ஈரம் இருந்தாலும் போர்மேன் மூட்டையோடு திருப்பிவிடுவான். ஆண்டிச்சாமியின் கரி ஒரு நாளும் திரும்பியதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். ஒரு வெடி விபத்தில் இடது கை போய்விட்டது. அதன்பிறகு வெம்பக்கோட்டைக்கு வந்து, என் காட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் மானாவாரி நிலத்தைத் திருத்த ஆரம்பித்தார்.

"மக்காச்சோளம் வெளஞ்சா பானு காலேசுக்குப் போவா. வெளையலைன்னா அவளும் கம்பெனிக்குத்தான். அத மட்டும் என் கண்ணு பாக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்வார். பானுப்பிரியா அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்தவள், வாய் கொஞ்சம் அதிகம்.

அந்த ஆவணியில் விவசாயப் பயிற்சி கொடுக்க வந்த கீர்த்திகா என்ற பெண், சீமைக்கருவேல விறகைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி மண்ணில் போடச் சொன்னாள். கரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்குமாம், மண் பொலபொலவென்று ஆகுமாம்.

"ஆனா சும்மா போட்டுறாதீங்க. சாணிக் கரைசல்ல மூணு வாரம் ஊறணும். வெறுங்கரி பசியோட இருக்கும், மண்ணுல இருக்கிற சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆண்டிச்சாமி மூட்டம் போட்டார். ஒற்றைக் கையால் இடித்தார், சலித்தார். மாவு மாதிரி கரி. அதைக் கொண்டுபோய்ச் சாணியில் முக்க மனுசனுக்கு மனசு வரவில்லை.

"யப்பா, அந்தக்கா ஊறப் போடச் சொன்னாகள்ல?" என்றாள் பானு.

"ஏளா, கரியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியா? நனஞ்ச கரிய எவன் தொடுவான்? போ அங்கிட்டு."

நான் என்ன செய்தேன்? பல்லைக் காட்டிச் சிரித்தேன். "அவுகளுக்குத் தெரியாத கரியா தாயி" என்று ஒத்து வேறு ஊதினேன். என் வாயில் கொள்ளியை வைக்க!

ஆண்டிச்சாமி கரியை ஊறப் போடாமல் அப்படியே மண்ணில் கலந்து விதைத்தார். மழை பெய்தது, சோளம் முளைத்தது. முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து அப்படியே நின்றுபோனது. என் காட்டில் கரியும் இல்லை கிரியும் இல்லை, சுமாராக விளைந்தது. தையில் அவருக்கு ஒடிக்க ஒரு கதிர் இல்லை. மாசியில் பானு கம்பெனி வேனில் ஏறினாள். தகப்பனை ஒரு வார்த்தை திட்டவில்லை பாவி மகள். திட்டியிருந்தாலாவது அவர் அழுது தீர்த்திருப்பார்.

சித்திரையில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் கால் கொலுசை வைத்துத்தான் அவர் அடையாளம் சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன்.

புரட்டாசியில் மறுபடி உழுது விதைத்தார். இனி யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. புதிதாகக் கரி எதுவும் போடவில்லை. பழைய கரியே ஒரு வருசம் மண்ணோடு கிடந்து ஊறியிருந்தது. நடுவில் மழை ஏமாற்றி ஊர்க்காடெல்லாம் வாடியபோது, அவர் சோளம் மட்டும் ஆள் மறைகிற உயரத்தில் கருகருவென்று நின்றது.

கேள்விப்பட்டு கீர்த்திகா போனும் கையுமாக ஓடிவந்தாள். பானுவுக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது.

"ஐயா, கதிரைப் பிடிச்சுட்டுக் கொஞ்சம் சிரிங்க. எங்க உங்க பொண்ணு, கூப்பிடுங்க, சேர்த்து எடுக்கிறேன். போன வருசம் போன வெள்ளாமை இந்த வருசம் இம்புட்டு நல்லா வந்திருக்கே, என்ன செஞ்சீங்க?"

ஆண்டிச்சாமி அவள் சொன்னபடியே சிரித்தார்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா. கரிக்குப் பசி அடங்கிருச்சு."