ஆற்றை விட்டு நகராத ரோமானியப் படை

எண்பதுகளின் தொடக்கத்தில் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், பம்புசெட் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தேன். கல்லூரியில் வரலாறு படித்த பாவத்துக்கு, ஆண்டு விழா நாடகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. குடிகாரக் கணவன் திருந்தும் கதையையே மூன்று வருடம் பார்த்துவிட்டார்கள். அதனால் ரோமானியர்கள் கிழக்கே பார்த்தியர்கள் என்ற குதிரைவீரர்களிடம் தோற்ற கதையை எழுதினேன். வழிகாட்டியின் பேச்சை நம்பி ரோமானியத் தளபதி ஆற்றங்கரையை விட்டுப் பாலைவனத்துக்குள் போகிறான். குதிரைமேல் வரும் பார்த்திய வில்லாளிகள் வளைத்துக் கொள்கிறார்கள். படையோடு அவனும் அழிகிறான்.

தளபதி வேஷம் எங்கள் வாட்ச்மேனுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பிரான்ஸ் பென்ஷன் வந்தும் வீட்டில் உட்கார முடியாமல் கேட்டில் வந்து நின்றவர்.

முதல் ஒத்திகையில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஆத்த விட்டு எதுக்குத் தம்பி போறான்?”

வழிகாட்டி ஏமாற்றிவிட்டான் என்றேன். தண்ணி இல்லாத இடத்துக்குத் தன் ஆட்களைக் கூட்டிப் போக முடியாது என்று சொல்லிவிட்டார். இது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்த விஷயம் என்று பொறுமையாக விளக்கினேன்.

“அங்க நடந்துட்டுது. இங்க இன்னும் நடக்கலியே.”

சரி, ரோமானியர்களே ஜெயிக்கட்டும் என்று மாற்றினேன். மறுநாள் பார்த்தியத் தளபதியான லேத் மேஸ்திரி, தன் படையோடு என் மேஜைக்கு வந்தார். தளபதியைத் தவிர ரோமானியர்கள் எல்லோரும் மோல்டிங் பிரிவு, பார்த்தியர்கள் லேத் பிரிவு. ஏற்கெனவே வாலிபாலில் மோல்டிங்கிடம் தோற்றாயிற்று, மேடையிலும் தோற்க முடியாது என்றார். தொழிற்சங்கச் செயலாளர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். கேண்டீனில் இரண்டு நாள் பேசி, வெற்றி தோல்வி அன்றைய சூழ்நிலையைப் பொறுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சி.

விழா மே மாதம், மாலை நான்கு மணி, தகரக் கொட்டகை. நீலத் தார்ப்பாயை விரித்து ஆறு ஆக்கியிருந்தோம். வழிகாட்டி வந்து பாலைவனத்துக்கு அழைத்தான். சொல்தா அவனை ஏற இறங்கப் பார்த்து, “நீ போ” என்றார். அவன் தனியாகவே போனான்.

மேடையின் மறுகோடியில், வில்லியனூரில் வாடகைக்கு எடுத்த பொய்க்கால் குதிரைக் கூடுகளை இடுப்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பார்த்தியர்கள் காத்திருந்தார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் பாலைவனத்துக்குள் வந்தவர்கள்மேல் மட்டும்தான் அம்பு விடலாம். ரோமானியர்கள் ஆற்றை விட்டு அசையவில்லை. அரை மணி நேரம் இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு பார்த்தியன் மயங்கிக் குதிரையோடு சாய்ந்தான்.

அப்போது சொல்தா தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு மண்பானையை எடுத்து வைத்தார். யாருக்கும் சொல்லாமல் நிரப்பி வைத்திருக்கிறார்.

“வந்து தண்ணி குடிங்கடா.”

பார்த்தியர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி குதிரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு படைகளும் வரிசையில் நின்று குடித்தன. நாடகம் முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சிறப்பு விருந்தினர், வரலாற்றின் இந்தப் பகுதி தனக்கே இதுவரை தெரியாது என்று சொல்லி, என் ஆராய்ச்சியைப் பாராட்டினார். கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு சொல்தாவிடம் பானையைப் பற்றிக் கேட்டேன். தகரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அங்க இந்தோசீனால ஒருநாள், எங்க ஆபீசர் கப்பித்தேன் சொன்னான்னு ஆத்த விட்டு மலையேறினோம். நாப்பது பேரு. தண்ணி கேட்டவனுக்கெல்லாம் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிகினே வந்தேன்.”

எத்தனை பேர் திரும்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. குதிரையின் முடிச்சு அவிழாமல் மேஸ்திரி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்தா எழுந்துபோய் அவர் இடுப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மேஸ்திரி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு, சொல்தாவிடம் போக ஆரம்பித்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.